மிக்ஸ்சர் நட்டு கடைசியில்தான்

கேள்வி: 1966-ம் வருஷத்து எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்). ஐடிலில் இன்ஜின் குலுங்குகிறது. முன் இரண்டு பிளக்குகளில் கரி, பின் இரண்டும் வெளுப்பு. இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களை நானே ட்யூன் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். முன் கார்புரேட்டர் 1, 2 சிலிண்டர்களுக்கும் பின்னது 3, 4-க்கும் ஊட்டுவதால், உங்கள் பிளக்குகளே பாதிக் கதையைச் சொல்லிவிட்டன: முன்னதில் பெட்ரோல் அதிகம், பின்னதில் குறைவு. அதற்காக உடனே மிக்ஸ்சர் நட்டை (ஜெட்டை ஏற்றி இறக்கிப் பெட்ரோல் அளவை மாற்றும் நட்டு) திருப்பாதீர்கள். முதலில் வால்வு இடைவெளி (0.015 அங்குலம்), டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டின் இடைவெளி (0.015), பிளக் இடைவெளி (0.025) மூன்றையும் சரிபாருங்கள்.

அடுத்து, பின் கார்புரேட்டரின் த்ராட்டில் ஸ்பிண்டிலை (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு) பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளி வழியே காற்று உள்ளே போகும். ஐடிலில் உறிஞ்சுவிசை மிக அதிகம் என்பதால் கொஞ்சம் கசிந்தாலும் கலவை மெலிந்துவிடும், நட்டை எவ்வளவு திருப்பினாலும் நிலைக்காது. துளையை ரீமர் விட்டுப் புஷ் போடுவது லேத் பட்டறை வேலை. அதை மட்டும் வெளியே கொடுங்கள்.

ஸ்பிண்டில் நன்றாக இருந்தால் டேஷ்பாட்டை (பிஸ்டன் ஏறி இறங்கும் மேல் மூடி) கழற்றிப் பெட்ரோலில் கழுவுங்கள். இரண்டு கார்புரேட்டர்களின் பிஸ்டனும் மூடியும் ஜோடி. மாற்றிப் போட்டுவிடக் கூடாது. பூட்டிய பின், டேம்பரை (மூடியின் உச்சியில் திருகும், எண்ணெயில் அமிழும் தண்டு) போடாமல் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். 'டக்' என்று விழ வேண்டும். தயங்கி இறங்கினால், பிஸ்டனின் அடியில் இருக்கும் ஊசி, பெட்ரோல் வரும் குழாயான ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டை மையப்படுத்த வேண்டும். டேம்பரில் எஸ்ஏஇ 20 எண்ணெய், பிஸ்டனின் உள்ளீடற்ற தண்டின் விளிம்புக்கு அரை அங்குலம் மேல்வரை. எண்ணெய் வற்றினால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் பிஸ்டன் எகிறும், கலவை மெலியும், வண்டி ஒரு நொடி திணறும்.

இனி ட்யூனிங். ஜெட்டுகளைப் பாலத்தின் (பிஸ்டனுக்குக் கீழே காற்று வழியில் இருக்கும் மேடு) மட்டத்துக்கு ஏற்றி, நட்டை 12 பட்டை (ஆறு பக்க நட்டின் ஒரு பக்கம் ஒரு பட்டை; இரண்டு முழுச் சுற்று) இறக்குங்கள். இன்ஜினைச் சூடாக்கி, இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கம்பியின் கிளாம்புகளைத் தளர்த்துங்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று வாயிலும் வைத்தால் சீறல் கேட்கும்; இரண்டிலும் ஒரே சத்தம் வரும்வரை ஐடில் ஸ்குரூக்களைத் திருப்புங்கள். பிறகு கார்புரேட்டரின் அடியில் இருக்கும் தூக்குக் குச்சியால் பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். நட்டை ஒரு பட்டை ஏற்றுங்கள். வேகம் விழுந்தால் குறைவு. ஒரு பட்டை இறக்குங்கள். ஒரு கணம் லேசாக ஏறி அடங்கினால் சரி. சில நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் 2,500 சுற்றில் ஓட்டிப் பிளக்கைத் தெளிவாக்குங்கள். இல்லையென்றால் இந்தத் தூக்கும் சோதனை பொய் சொல்லும். கிளாம்புகளை இறுக்கிய பிறகு இன்னொரு முறை காது கொடுங்கள்.

கேள்வி: என்னிடம் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் இருக்கின்றன. போதாதா?

பதில்: போதாது. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர், 13 நம்பர் ஸ்பேனர் பொருந்துவது போலத் தெரியும், துருப்பிடித்த நட்டில் முனைகளை மழுக்கிவிடும். ஏஎஃப் அளவு (நட்டின் எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே அங்குலத்தில் சொல்லும் அளவு) செட் ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டேன். முதல் நாளே எரிந்துவிட்டது.

பதில்: உங்கள் வண்டியும் 1967-க்கு முந்தையது என்றால், அதில் இருக்கை பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். நெகட்டிவ் எர்த்துக்கான யூனிட்டை அதில் கோத்தால் கணத்தில் போய்விடும். பழைய உரிமையாளர் மாற்றியிருக்கவும் கூடும், வருஷத்தை நம்ப வேண்டாம். பாடிக்குப் போகும் கேபிள் எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.