விழுந்த மரத்துக்கு விலை உண்டு, வராத காய்க்கு?

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் பேரிடர் மாடலிங் பக்கம் போகப்போவதாகச் சொல்கிறாள், அப்படியொரு வேலை நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது.

நீங்கள் பேராவூரணிக்காரர் என்பதால் கஜா புயலை வைத்தே சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையைக் கடந்தது. சாய்ந்த தென்னைக்கு, ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் வந்தது. சரி, புதிதாக வைத்த நெட்டைக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகுமே? அதுவரை வராத காய்ப்பணம், மட்டை உரிப்பவரின் கூலி, கயிறு ஆலைக்குப் போகாத மட்டை, லோடு கிடைக்காத லாரி, இதெல்லாம் எந்தக் கணக்கில் வரும்? விழுந்த மரம் சேதம். வராமல் போன வருமானம் இழப்பு. இரண்டையும் பிரித்து, ஒரு தொழிலில் விழுந்த அடி அடுத்த தொழிலை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிடுவதுதான் இந்த வேலை. உங்கள் ஊருக்கு இதைவிடத் தேவையான படிப்பு எனக்குத் தெரியவில்லை.

சம்பளம் அதிகமாகக் கிடைப்பது காப்பீட்டுத் துறையில். 1992-ல் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது, பழைய நஷ்டங்களை மட்டும் பார்த்துப் பிரீமியம் வைத்திருந்த பல நிறுவனங்கள் திவாலாயின. அதன்பிறகுதான், வரக்கூடிய ஆயிரக்கணக்கான புயல்களைக் கம்ப்யூட்டரில் வீசவிட்டு, வழியில் இருப்பது ஓட்டு வீடா கான்கிரீட்டா, எது எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் முறை பரவியது. பெங்களூரு, ஹைதராபாத், நொய்டாவில் இதற்கு ஆள் எடுக்கிறார்கள். இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் பேரிடர் மேலாண்மை என்ற பெயரைப் பார்த்து முதுநிலையில் சேர வேண்டாம் என்கிறேன். அவற்றில் பல நிர்வாகத்துக்கும் மீட்புப் பணிக்கும் ஆள் தயார் செய்பவை. புள்ளியியலிலோ பொருளாதாரத்திலோ முதுநிலை முடித்தால், இது கைகூடாவிட்டாலும் வங்கி, தரவுப் பகுப்பாய்வு என்று வழி இருக்கும். சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸை அவசியம் பாருங்கள். ஆக்சுவரி, அதாவது காப்பீட்டில் ஆபத்தைக் கணக்கிடும் நிபுணர், ஆகும் ஆசை இருந்தால் அதற்கான ஏசெட் (ACET) நுழைவுத்தேர்வு எழுதலாம். ஆனால் அடுத்தடுத்த தாள்களை முடிக்கப் பல வருஷப் பொறுமை வேண்டும்.

இப்போதே பைத்தானும், வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ்ஸும் பழகட்டும். இரண்டும் இலவசம்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொரு வெட்டுக்கும் காய்க்கணக்கு எழுதிய நோட்டு பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதை அவளிடம் கொடுங்கள். புயலுக்கு முந்தைய வெட்டுகளையும், புதுக் கன்று காய்த்தபிறகு வந்தவற்றையும் எக்ஸெலில் ஏற்றட்டும். நடுவில் வெறுமையாகக் கிடக்கும் வருஷங்களுக்கு அவளே ஒரு தொகை போட்டுப் பார்க்கட்டும். தேங்காய் விலை ஏறி இறங்குவதை எப்படிச் சேர்ப்பது என்ற இடத்தில் கண்டிப்பாக முட்டும். அப்போது எனக்கு எழுதச் சொல்லுங்கள்.