சைனிக் பள்ளியும் ஒரு ‘செரிங்கப்பா’வும்

வணக்கம் சார்,

உங்கள் விடுதி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இதைக் கேட்கத் தோன்றியது. எங்களுக்குத் தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். மகன் ஏழாம் வகுப்பு, தமிழ் வழி. கணக்கில் கெட்டி. போன மே மாதம் அமராவதி அணைக்கும் முதலைப் பண்ணைக்கும் போயிருந்தோம். அப்போது அங்கே இருக்கும் சைனிக் பள்ளி (படை அதிகாரி ஆவதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் விடுதிப் பள்ளி) வாசலைப் பார்த்ததிலிருந்து என் கணவருக்கு அதே நினைப்பு. ஒன்பதாம் வகுப்பில் அங்கே சேர்த்துவிட வேண்டும், சேர்ந்துவிட்டால் நேரே ஆபீசர்தான் என்கிறார். பையனிடம் கேட்டால் “செரிங்கப்பா” என்கிறான். அதற்கு மேல் பேசுவதில்லை.

ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தோம். எட்டாம் வகுப்பு முழுக்க அவர்கள் விடுதியிலேயே தங்கிப் படிக்க வேண்டுமாம். பணமும் நிறையக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதினாள். அதனால் மொழி பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறோம். இன்டர்வியூவுக்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா? அவன் இன்னும் என் பக்கத்தில் படுத்துத்தான் தூங்குகிறான். இப்போதே அனுப்புவது தப்போ என்றும் இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

மொழி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் எழுதியது ஆறாம் வகுப்புத் தேர்வு. அதைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். (பத்து வருடத்துக்கு முன்னால் பிறந்திருந்தால் அவள் விண்ணப்பித்திருக்கவே முடியாது. 2021-22 கல்வியாண்டிலிருந்துதான் எல்லா சைனிக் பள்ளிகளும் பெண் பிள்ளைகளைச் சேர்க்கின்றன.) ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். கணக்கும் ஆங்கிலத்தில்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை என் தங்கை மகனிடம் பார்த்தேன். அவனும் தமிழ் வழி, கணக்கில் புலி. 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் உள்ள வயலைச் சுற்றி மூன்று வரிசை கம்பி வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும் என்று கேட்டால், பேனாவைத் தொடாமலே 390 என்பான். அதே கணக்கை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி ஆயிரம் என்று எழுதினான். சுற்றளவு தெரிந்தவனுக்கு ‘பெரிமீட்டர்’ தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தெரிந்த வீட்டில் கதவு எந்தப் பக்கம் என்று தேடுகிறவன் மாதிரி நின்றான்.

அதற்கு நாங்கள் செய்தது செலவில்லாத வேலை. தமிழ்நாடு அரசின் கணக்குப் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, இரண்டும் இணையத்தில் இலவசம். பாடம் அதேதான், கணக்கும் அதேதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏற்கெனவே போட்டு முடித்த கணக்குகளையே ஆங்கிலத்தில் படிக்கச் சொன்னோம். மீ.பெ.கா. என்பது எச்.சி.எஃப். ஆவதற்கு நான்கு நாள் போதும். வாக்கியக் கணக்குகள்தான் இழுத்தன. அதற்கு ஆறு மாதம் ஆனது. உங்கள் பையன் ஏழாவதில் இருக்கிறான் என்பதால் நேரம் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள். கூச்சம் வேண்டாம்.

தேர்வின் கணக்கையும் பாருங்கள். மொத்தம் 400 மதிப்பெண். அதில் கணக்குக்கு மட்டும் 200. ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல், நுண்ணறிவு நான்குக்கும் ஆளுக்கு 50. மொத்தம் 150 கேள்வி, 180 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் 12 நொடி, விடைத்தாளில் வட்டம் நிரப்புகிற நேரமும் சேர்த்து. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எனவே எதையும் காலியாக விடக்கூடாது என்பதை அவன் கையில் எழுதாத குறையாகச் சொல்லி வையுங்கள். பாடத்துக்கு 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் எடுத்தால் தகுதி என்பார்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலே சராசரியாக 25 வந்துவிடும். இடம் கிடைப்பது தரவரிசையில்தான். ஒன்பதாம் வகுப்பில் காலியிடம் குறைவு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். மூன்றில் இரண்டு பங்கு இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

இன்டர்வியூ கிடையாது. எழுத்துத் தேர்வு, அப்புறம் மருத்துவப் பரிசோதனை, அவ்வளவுதான். ஸ்போக்கன் இங்கிலீஷுக்குக் கட்டும் பணத்தில் ஒரு கண் மருத்துவரையும் பல் மருத்துவரையும் இப்போதே பாருங்கள். பட்டியலில் பெயர் வந்த பிறகு பார்வைக் குறை தெரியவந்தால் வீடே இடிந்துபோகும். (நேர்முகம் இருப்பது டேராடூன் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரிக்கு. அது எட்டாம் வகுப்புச் சேர்க்கை, நம் ஊரில் டி.என்.பி.எஸ்.சி. நடத்துவது. அதைப் பிறகு பேசலாம்.)

விண்ணப்பத்தில் பலர் சறுக்குவது சான்றிதழில். நீங்கள் பி.சி.யோ எம்.பி.சி.யோ என்றால், கையில் இருக்கும் மாநிலச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்துக்குக் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். வயது, சேரும் ஆண்டு மார்ச் 31 அன்று 13 முடிந்து 15-க்குள் இருக்க வேண்டும். தேர்வு பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி வரும். 2025-இல் ஏப்ரலுக்குப் போய்விட்டது. அதனால் தேர்வை நடத்தும் என்.டி.ஏ.வின் (தேசியத் தேர்வு முகமை) அறிவிப்பைத் தவிர வேறு யார் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். 1962-இல் அமராவதிநகரில் அந்தப் பள்ளியைத் தொடங்கியது என்.டி.ஏ. என்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யத்தான். (தேர்வு நடத்துகிற என்.டி.ஏ. வேறு, இது வேறு. ஆங்கிலத்தில் அது NTA, இது NDA. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது.) ஆனால் சைனிக் பள்ளியில் படித்தவனும் பன்னிரண்டாவதில் யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும், அதற்கு மேல் எஸ்.எஸ்.பி. என்கிற படைத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்முகத்தில் தேற வேண்டும். நேர் வழி எதுவும் இல்லை. கட்டணமும் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும். வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை உண்டு, அதையும் விசாரித்து வையுங்கள்.

கோச்சிங் விடுதி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விடுதியில் சேர்வதற்காக ஒரு வருடம் இன்னொரு விடுதியில் கிடப்பது எனக்குப் புரியவில்லை. அந்த ஒரு வருடம்தான் அவன் உங்களோடு இருக்கப்போகும் கடைசி முழு வருடமாகவும் இருக்கலாம். வாரம் இரண்டு நாள் டியூஷன், ஞாயிறன்று ஒரு பழைய வினாத்தாளை 180 நிமிடம் கடிகாரம் வைத்துப் போடுவது, இது போதும். இடம் கிடைக்காவிட்டாலும் அந்த ஆங்கிலமும் கணக்கும் எங்கேயும் போய்விடாது.

இனி பக்கத்தில் படுத்துத் தூங்குவது பற்றி.

நான் எட்டாவதில் விடுதிக்குப் போனேன். எந்தப் பள்ளி என்று இங்கே சொல்லவில்லை. தகரப் பெட்டி, பூட்டு, பச்சை வாளி. வாளியில் அப்பா என் பெயரை வெள்ளை பெயின்டில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே வாளி போய்விட்டது. அதைவிட, எனக்குச் சட்டை துவைக்கத் தெரியாது. சோப்பை எவ்வளவு போடுவது, காலரை எப்படிக் கசக்குவது எதுவும் தெரியாது. நுரை போகாமலே காயப்போட்டு, கழுத்தெல்லாம் அரிப்பு. வீட்டு ஞாபகத்தில் அழுததைவிட அந்த அரிப்பில் அழுததுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை இன்லண்ட் லெட்டர் எழுதுவோம். வார்டன் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். அதனால் எல்லாப் பையன்களும் ‘நான் இங்கு நலம்’ என்றே எழுதினோம். என் அம்மா அதை நம்பினாள்.

ஆகவே இப்போதிருந்து அவன் துணியை அவனே துவைக்கட்டும். ஒரு வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் குளிக்கட்டும். ஷூவுக்கு அவனே பாலிஷ் போடட்டும். தட்டில் வைத்ததைப் பிடிக்காவிட்டாலும் சாப்பிடட்டும். லீவில் பெரியம்மா வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ நீங்கள் இல்லாமல் பத்து நாள் போய் வரட்டும். போன் பேசாமல் இருந்து பாருங்கள். நீங்களும்தான். இப்படிப்பட்ட விடுதிகளில் பிள்ளை கையில் போன் இருக்காது. ராத்திரி படுக்கையை நனைக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள், ஒளிக்காதீர்கள். எங்கள் ஹாலில் ஒருவன் விடிவதற்கு முன்னே எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவான். இரண்டு மாதம் ஓடினான். பிறகு ஒருநாள் அவன் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அனுப்புவது தப்பா என்று கேட்கிறீர்கள். அவன் விரும்பினால் தப்பில்லை. எனக்கு விடுதி கொடுத்தது கெடுத்ததைவிட அதிகம்தான். ஆனால் அவனுக்கு விருப்பமா என்பது உங்களுக்கே இன்னும் தெரியவில்லை. ‘செரிங்கப்பா’ பதில் இல்லை. நானும் என் அப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன், அவர் முகத்துக்கு எதிரே வேறென்ன சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை மட்டும் கூட்டிக்கொண்டு உடுமலை வழியாக அமராவதிநகருக்கு பஸ்ஸில் போங்கள். அப்பா வேண்டாம். வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அணைப் பக்கம் போய் மீன் வறுவல் வாங்கிக் கொடுங்கள். எதுவும் கேட்காதீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனாக என்ன பேசுகிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதை இங்கே வெளியிட மாட்டேன்.