அறிவு அம்மா வழியா, அப்பா வழியா? மரபணு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: குழந்தைக்கு அறிவு அம்மாவிடமிருந்துதான் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. மகன் கணக்கில் மார்க் குறைந்ததும் மாமியார் அதை என்னிடம் காட்டுகிறார். உண்மையா?

பதில்: இல்லை. மரபணுக்களைத் தாங்கி நிற்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். அவற்றில் எக்ஸ் என்ற குரோமோசோமில் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய மரபணுக்கள் உண்டு. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. இதை வைத்துக் கட்டிய கதை அது. அறிவோடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகள் எல்லா குரோமோசோம்களிலும் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. பதினோரு லட்சம் பேரை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், எத்தனை வருடம் படிக்கிறார்கள் என்பதோடு தொடர்புள்ளவையாக 1,271 வேறுபாடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் ஓரிரு வாரப் படிப்புக்குச் சமம், அவ்வளவுதான். உங்கள் மகனுக்கு அவற்றில் பாதி அப்பா கொடுத்தது. மார்க்குக்காக உங்களைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம்.

கேள்வி: அறிவில் 50 சதவீதம் பரம்பரை என்கிறார்களே, அப்படியென்றால் பாதி என்னுடையதா?

பதில்: அப்படி இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தால் வந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வயதோடு எண்ணும் மாறும்: இரட்டையர் ஆய்வுகளில் சின்னக் குழந்தைகளிடம் 20 சதவீத அளவில் இருப்பது, பெரியவர்களிடம் 60 வரை போகிறது. வளர வளரப் பிள்ளை தனக்குப் பிடித்ததைத் தானே தேடிப் போவது இதற்கு ஒரு காரணம்.

கேள்வி: மரபணுவில் எழுதியதை மாற்ற முடியாதல்லவா? அப்புறம் நாம் என்ன செய்து என்ன?

பதில்: இந்த எண்ணத்தைத்தான் நான் ரொம்ப நாளாக எதிர்த்து வருகிறேன். 1934-இல் நார்வேயில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளின் சிறுநீரில் ஏன் இப்படி ஒரு வாடை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார், பச்சையாக மாறியது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோய் இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே ஒரு மரபணுவின் பழுது. அதனால் ஃபீனைல்அலனின் என்ற புரதக்கூறு உடைபடாமல் ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கிறது. முழுக்க முழுக்கப் பரம்பரை நோய். ஆனால் பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி, ரத்தத்தை வடிதாளில் சொட்டவிட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும். பால், முட்டை, பருப்பு எல்லாம் அளந்து, பெரும்பாலும் இந்த நோய்க்கென்றே தயாரிக்கும் பால்பவுடரில் வளர்த்தால் அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்குப் போகிறது. மரபணு அப்படியேதான் இருக்கிறது, மாறியது சாப்பாடு. இந்தச் சோதனை நம் நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் தானாக நடப்பதில்லை. பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

கேள்வி: பள்ளியில் விரல் ரேகை எடுத்து, மகளுக்கு 'லாஜிக்' குறைவு என்று ரிப்போர்ட் தந்தார்கள். நம்பலாமா?

பதில்: வேண்டாம். விரல் ரேகை கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அதிலிருந்து கணக்கு வருமா, பாட்டு வருமா என்று படிக்க வழியில்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கமே இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தத் தாளை மகள் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். குறைவு என்ற சொல்லைப் படித்த பிள்ளை அதை நம்பிவிடும்.

கேள்வி: அக்கா மகளை எனக்குப் பேசியிருக்கிறார்கள். பிறக்கும் குழந்தைக்கு அறிவு குறையுமா?

பதில்: குறைந்தே தீரும் என்றில்லை, பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் ஆபத்து கூடுகிறது, அதை மறைக்க மாட்டேன். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் நாலில் ஒரு பங்கு பொது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. மேலே சொன்ன நோய் போல, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வரும் நோய்கள் பல. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அது இரண்டு பக்கமும் இறங்க வாய்ப்பு அதிகம். நிச்சயத்துக்கு முன்பே ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்கு வலிப்பு, யார் பேசத் தாமதம், எந்தக் குழந்தை சின்ன வயதில் தவறியது என்று எழுதி எடுத்துப் போங்கள். முடிந்தால் பாட்டியையும் கூட்டிப் போங்கள். தவறிய குழந்தைகளை நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.