சப்பறத்தோடு திரும்பலாமா?

கேள்வி: என் மகன் தரம் 9 படிக்கிறான். பாடசாலைச் சாரணர்களோடு காரைநகரில் ஒரு கிழமை முகாமுக்குப் போயிருக்கிறான். சனிக்கிழமை முடிகிறது. வியாழக்கிழமை பெற்றோர் போய்ப் பார்க்கலாம். கடைசி இரண்டு நாளும் பாட்டும் விளையாட்டும்தானாம், படிப்பிக்க ஒன்றும் இல்லையாம். வெள்ளிக்கிழமை ரியூசன் தொடங்குகிறது. கையோடு கூட்டி வந்துவிடலாமா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: கூட்டி வராதீர்கள் தங்கச்சி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

கொக்குவிலில் இருக்கிறீர்கள், நல்லூர்க் கந்தசுவாமி கோவில் கிட்டத்தான். கொடியேறினால் 25 நாள் திருவிழா. 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். சப்பறம் வரைக்கும் நாள் தவறாமல் போய்க் கும்பிட்ட ஒருவரிடம், "இனித் தேரும் தீர்த்தமும்தானே, வீட்டில் நில்லுங்கோ" என்று உங்களால் சொல்ல முடியுமா? மகனுக்கு நீங்கள் சொல்லப் போவது அதைத்தான்.

படிப்பிக்க ஒன்றும் இல்லை என்ற வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதல் மூன்று நாளும் பிள்ளைக்கு நுளம்பும் மணலும் வீட்டு நினைப்பும்தான். முடிச்சுப் பிழைத்துக் கூடாரம் சாயும், சோறு அடிப்பிடிக்கும், பக்கத்தில் படுப்பவனின் பெயரே மறந்து போகும். ஐந்தாம் நாள் அளவில்தான் சோளகக் காற்றுக்குள்ளும் அடுப்பு மூட்டக் கை பழகுகிறது, பக்கத்தில் படுப்பவன் கூட்டாளியாகிறான். 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாமை நடத்தியபோது ஏறத்தாழ 20 பையன்களைத்தான் சேர்த்தார். வசதியான பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் வேண்டுமென்றே கலந்து விட்டார். அப்படிக் கலப்பதற்கு நாள் எடுக்கும். அது எடுத்து முடிகிற நேரத்தில்தான் நீங்கள் காரைநகருக்குப் போய் இறங்குகிறீர்கள்.

எனக்குப் 14 வயதில் இதுவே நடந்தது. கசூரினாக் கரைக்குப் பக்கத்தில் முகாம். ஐயா இரண்டு நாள் முந்தி வந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார், சோதனை வருகிறது என்று. அதற்கு முதல் நாள் பின்னேரம் நெடுந்தீவுப் பையன் ஒருவனும் நானும் சோற்றுப் பானையின் கரியை மணலும் தும்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம், இரண்டு பேருக்கும் முழங்கை வரைக்கும் கறுப்பு. பனையோலையில் காற்றாடி பின்ன அவனுக்கு நன்றாகத் தெரியும். நாளைக்குக் காட்டித் தருகிறேன் என்றான். அந்த நாளை எனக்கு வரவில்லை. பாசறைத் தீயைச் சுற்றி நடக்கிற நாடகத்தில் எனக்கென்று வைத்திருந்த கிழவன் வேசத்தை வேறொருவன் போட்டானாம். ஐயாவில் குற்றம் சொல்லவில்லை, என் நன்மையை நினைத்துத்தான் அவர் வந்தார். ஆனால் அந்த இரண்டு நாளும் வீட்டில் நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

முடிவு எப்படியோ, முழுவதும் அப்படியே மனதில் நிற்கும். உளவியலாளர் டானியல் கானமனும் அவருடைய கூட்டாளிகளும் 1993இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 14 பாகைக் குளிர்நீரில் 60 வினாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 வினாடியோடு மேலும் 30 வினாடி, அந்தக் கடைசி நேரத்தில் மட்டும் நீரின் குளிர் மெல்ல மெல்ல ஒரு பாகை குறையும். திரும்பச் செய்வதென்றால் எது என்று கேட்டபோது 32 பேரில் 22 பேர் நீண்டதையே தெரிந்தெடுத்தார்கள். கூடுதல் நேரம் குளிரில் வைத்திருந்தும்! உங்கள் மகனின் முகாமுக்கு எது முடிவாக இருக்கப் போகிறது, பாசறைத் தீயா, வாகனத்தின் பின் சீற்றில் முகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற பயணமா?

சரி, வியாழக்கிழமை கட்டாயம் போங்கள். பருத்தித்துறை வடை வாங்கிக்கொண்டு போங்கள், அவனுக்கு மட்டுமில்லை, அந்தக் கூடாரத்துக்கே காணக்கூடியதாக. "இன்னும் இரண்டு நாள்தானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டால் வெள்ளிக்கிழமை காலையிலேயே பையை அடுக்கத் தொடங்கிவிடுவான், உடம்பு அங்கேயும் மனம் இங்கேயுமாகிவிடும். யாரிடமாவது பழக நினைத்துத் தள்ளிப்போட்டது ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அன்றைக்கே போய்க் கேட்கட்டும். சனிக்கிழமை காலை வேலையும் நிறைய இருக்கும். கூடாரத்தை இறக்கிப் பனி காயப் போட வேண்டும், வெட்டின குழியெல்லாம் மூட வேண்டும், அடுப்பில் தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், பிறகு வரிசையாக நடந்து குப்பை பொறுக்க வேண்டும். போகிற இடத்தில் நன்றியைத் தவிர வேறொன்றையும் விட்டு வரக்கூடாது என்பது சாரணர்களின் பழைய வழக்கம். வியாழனோடு வருகிற பிள்ளை தன் பங்கு வேலையை மற்றவர்களின் தலையில் விட்டு வருகிறான்.

சாதாரண தரச் சோதனைக்கு இன்னும் இரண்டு வருசம் இருக்கிறது. தவறுகிற பாடத்தைக் கூடப் படிக்கிற யாருடைய கொப்பியிலாவது பார்த்து எழுதலாம். சனிக்கிழமை பின்னேரம் அவன் வந்து இறங்கியதும் அழுக்கு உடுப்பை எண்ணத் தொடங்காமல் முதலில் சோற்றைப் போடுங்கள், சாப்பிட்டபடி அவன் கதைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.