கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளை இங்கே மியூசிக் டிகிரி சேர்ந்தால்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், மகள் எட்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றவள், மியூசிக் டிகிரி சேர ஆசைப்படுகிறாள், "பாடத்தான் தெரியுமே, அங்கே புதிதாக என்ன சொல்லித் தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி.

இங்கே பெயர்பெற்ற இடங்கள் என்யுஎஸ்ஸின் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) இசைக் கல்லூரியான யோங் சியூ தோ கன்சர்வடோரி, நாஃபா, லாசால் என்ற இரு கலைக் கல்லூரிகள். பின்னவை இரண்டும் சேர்ந்த சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் தொடங்கியது. மேற்கத்திய இசைப் பட்டம் என்றால் பாட்டு வகுப்போடு காதுப் பயிற்சி, நோட்டைப் பார்த்ததும் பாடுவது, ஹார்மனி (பல குரல்களை ஒன்றாக ஒலிக்க வைக்கும் முறை), கீபோர்டு நான்கும் வரும்.

மகளுக்கு ஸட்ஜம் (ஆதார ஸ்வரமான ஸ) காதில் நிற்கும். அது பெரிய சொத்து. டோ-ரே-மி என்று பாடுவதில், டோ இடம் மாறும் முறையில் டோ என்பது நம் ஸட்ஜம்தான். மேஜர் ஸ்கேல் சங்கராபரணம், நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மானிக் மைனர் கீரவாணி. ஆனால் இங்கே பாட்டின் நடுவிலேயே ஸட்ஜம் நகரும். சங்கராபரணத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பிரதி மத்யமம் (உயர்ந்த ம) தலைகாட்டினால் கல்யாணி ராகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் பஞ்சமம் (ப) புது ஸட்ஜமாகப் போகிறது. அந்த மத்யமம் அதற்குக் காகலி நிஷாதம் (ஸட்ஜத்துக்குச் சற்றே கீழே நிற்கும் நி). வேறொரு ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்துப் பாடும் கிரக பேதம் தெரிந்த பிள்ளை இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. மத்யமத்தை அசைத்தே பழகிய தொண்டை, நோட்டைப் பார்த்துப் பாடும்போதும் அசைக்கும். சுருதி தப்பியதாகவே மதிப்பெண் குறையும். கீபோர்டில் ஒரு ஸ்வரத்தைத் தட்டி, ஒலி அடங்கியபின் அதை நேராக நான்கு அட்சரம் பிடித்து நிறுத்தி, மறுபடி தட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையில் திணறப்போவது ஹார்மனியில்தான். நம் காது மேல் குரலைத் தொடர்ந்தே பழகியது. அடியில் பேஸ் (மிகத் தாழ்ந்த குரல்) போவது காதில் விழாது. நான்கு குரல் பாட்டு ஒன்றைப் போட்டு, தினமும் பத்து நிமிடம் பேஸை மட்டும் கூடவே பாட வேண்டும். வாக்கியம் முடியுமிடத்தில் பேஸ் ப–ஸ என்று இறங்கினால் ஒரு முடிவு, ம–ஸ என்றால் வேறு. ப–த என்று ஏறினால் ஸட்ஜத்தை எதிர்பார்க்க வைத்து ஏமாற்றும் முடிவு.

ஹார்மனி எழுதும்போது ஸ–ப சேர்ந்த இரு குரல்கள் அடுத்து அப்படியே ரி–த என்று நகர்ந்தால் தப்பு. தம்புராவில் ஸட்ஜமும் பஞ்சமமும் கரைவது அழகு. இங்கே நான்கு குரலும் தனித்தனியாக நிற்க வேண்டும், சேர்ந்து நகரும் பஞ்சமம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

கேட்டு எழுதும் தேர்வில் மெட்டைச் சில முறைதான் வாசிப்பார்கள். முதல் தடவை பேனாவைத் தொடாமல் கேட்கட்டும். அடுத்து தாளமும் முதல், கடைசி ஸ்வரமும், பிறகுதான் நடுப்பகுதி. முதல் ஸ்வரத்திலிருந்தே எழுதத் தொடங்கும் பிள்ளைகள் மூன்றாவது பாரில் (தாளக் கட்டத்தில்) தொலைந்துபோகிறார்கள்.

லயத்தில் கவலை வேண்டாம். 6/8 தாளத்தை மட்டும் ஆறாக எண்ணாமல், இரண்டு 'தகிட'வாகப் போடட்டும்.

சேர்வதற்கு முன் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் கிரேடு 5 தியரி அளவுக்கு நோட்டு படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. அடுக்குமாடி வீட்டில் ஹெட்ஃபோன் போடக்கூடிய 88 கட்டை டிஜிட்டல் பியானோ போதும். வாய்ப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள், 1949இலிருந்து இருக்கும் சிஃபாஸ் என்ற இந்திய நுண்கலைக் கழகத்தில் வகுப்பு நடக்கிறது.