பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு நீலத்திரை: ரேமை இப்ப மாத்த வேண்டாம்

தம்பி, உங்க கணினியில ரைசன் 5 5600 புரொசசர், பி450 மதர்போட், 8 ஜிபி 3200 ரேம் ரெண்டு. பயாஸை (கணினியைத் தொடக்கி வைக்கிற, போட்டில இருக்கிற மென்பொருள்) அப்டேட் செய்து, எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில ஓட்டும் செட்டிங்) திரும்பப் போட்டதிலிருந்து விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை வருது என்கிறீங்க. கல்முனைக் கடையில புது ரேம் வாங்கச் சொன்னாங்களாம். பொறுங்க.

புது பயாஸ் வரும்போது ரேமின் ஆட்டோ டைமிங்கும் வோல்டேஜும் மாறலாம். பழைய பயாஸில் சேமித்த புரொஃபைலை ஏத்தவே வேண்டாம். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சு, போட்டில இருக்கிற சிஆர்2032 பற்றரியை ஐந்து நிமிஷம் எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்க, பயாஸ் செட்டிங் ஆரம்ப நிலைக்கு வரும்.

பிறகு எக்ஸ்எம்பி இல்லாமல் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதிக்கும் மென்பொருளைப் பென்டிரைவில இருந்து நாலு பாஸ் (முழுச் சுற்று) ஓட விடுங்க. ஒரு பிழை வந்தாலும் பிழைதான். வந்தால், ஒவ்வொரு ரேமாகத் தனியே, ஒரே ஸ்லாட்டில போட்டுச் சோதியுங்க. கடற்கரைப் பக்கம் உப்புக்காத்து இருக்கு. ரேமின் தங்க நிறக் கால்கள் மங்கியிருந்தால் ஐசோபுரொப்பைல் அல்ககோலில் துடைங்க. அழிறப்பர் வேண்டாம், பூச்சு தேயும்.

பிழை இல்லையா? எக்ஸ்எம்பி போட்டு, ரேம் வோல்டேஜை ஆட்டோவில விடாமல் 1.35 வோல்ட் என்று நீங்களே அடியுங்க. மறுபடி சோதனை. அப்பவும் பிழை என்றால் ரேம் வேகத்தை 3200ல இருந்து 3000க்கு இறக்குங்க. அன்றாட வேலையில வித்தியாசமே தெரியாது.

இதெல்லாம் சரியாகும்வரை விண்டோஸைத் திரும்பப் போடாதீங்க, பழுதான ரேம் கோப்புகளையும் கெடுக்கும். பழைய பயாஸுக்குப் போவது கடைசி வழி. போட் அனுமதித்தால் மட்டும், அதுவும் யுபிஎஸ் இருந்தால்தான். இடையில கரண்ட் போனால் போட் எழும்பாமலே போகலாம்.