வெரிகோஸ் புண்ணால் அப்பா வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார். நாங்கள் என்ன செய்யலாம்?

கணுக்காலுக்கு மேல் மாதக்கணக்கில் ஆறாத புண், யாரிடமும் பேசுவதில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒதுங்குபவர்களிடம் பெரும்பாலும் இருப்பது கசிவையும் நாற்றத்தையும் பற்றிய பயம். வேட்டியில் கறை படுமோ, பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பாரோ என்ற கூச்சம். ஆறுதல் சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் அடக்கப் பாருங்கள்.

கசிவுக்கு மூலகாரணம், புடைத்த ரத்தநாளங்களால் (வெரிகோஸ்) காலில் தேங்கும் ரத்தம். அழுத்தக் கட்டுதான் அதற்கு உண்மையான மருந்து. கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் தேவை. ஆனால் கட்டுவதற்கு முன் கை, கால் ரத்த அழுத்தத்தை ஒப்பிடும் டாப்ளர் சோதனை கட்டாயம். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.8-க்குக் கீழே இருந்தால் முழு அழுத்தம் கொடுக்கக் கூடாது, காலுக்கே ஆபத்து. கட்டு விரல்களின் அடியில் தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிய வேண்டும். கணுக்காலில் மட்டும் இறுக்கிச் சுற்றினால் பாதம் வீங்கிவிடும். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

புண்மேல் வெறும் காஸ் துணி வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கசிவு அதிகமென்றால் கசிவை உறிஞ்சும் ஃபோம் (பஞ்சு போன்றது) அல்லது ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து செய்வது) டிரெஸ்ஸிங் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தினமும் பிரிக்க வேண்டியிருக்காது. சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறியிருந்தால் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று பொருள். அந்த ஓரத்தில் மெல்லிதாக வாசலின் தடவலாம்.

நாற்றத்துக்கு மருத்துவர் மெட்ரோனிடசோல் ஜெல் எழுதித் தருவார். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றாதீர்கள், புதிதாக வளரும் தசையையும் அது கெடுக்கும். திடீரென நாற்றம் கூடி, சிவப்பு பரவி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கட்டு மாற்றும் நேரத்தைப் பலர் காலையிலிருந்தே நினைத்து நடுங்குவார்கள். மருத்துவர் அனுமதித்த பாராசிட்டமாலை அரை மணி நேரம் முன்பே கொடுங்கள். ஒட்டியிருக்கும் துணியை வெதுவெதுப்பான சலைனில் (மருத்துவ உப்புநீரில்) ஊறவிட்டு, ஓரத்தை அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். அவர் “நிறுத்து” என்றால் கையை எடுத்துவிட வேண்டும். வலியின் கடிவாளம் தன் கையில் இருக்கிறது என்ற நிம்மதி பெரியது.

சீழ் பிடிக்கும் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்தும் பத்தியம் வேண்டவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 75 முதல் 90 கிராம் புரதம் தேவை. பசியில்லாதவருக்கு வேளைக்கு ஒரு முட்டை, தயிர், சுண்டல் என்று பிரித்துக் கொடுங்கள்.

கல்யாணம், கோயில் என்று போவதாக இருந்தால் அன்று காலையில் புதுக் கட்டு போட்டு, மாற்று டிரெஸ்ஸிங் ஒன்றையும் பையில் வைத்து அழைத்துப்போங்கள். அங்கே காலைத் தொங்கவிடாமல் நீட்டி வைக்க எதிரில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.